எந்த வேலையில் நேரம் போவதே தெரியவில்லை?

"உனக்கு என்ன பிடிக்கும்?" ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் மாமா கேட்பார், சித்தப்பா கேட்பார், ஜெராக்ஸ் கடைக்காரர்கூடக் கேட்பார். பதினேழு வயதில் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்துவிடலாம். முப்பது வயதில், மாதத் தவணை கட்டிக்கொண்டே அதே கேள்வியை நம்மிடம் நாமே கேட்கும்போதுதான் திணறுகிறோம். கேள்வியில்தான் கோளாறு. என்ன பிடிக்கும் என்று கேட்டால் மனம் சினிமாவில் பார்த்ததையும் அடுத்த வீட்டுப் பையனின் சம்பளத்தையும் கலந்து ஒரு கதை சொல்லும். இதுவரை என்ன செய்தாய் என்று கேட்டால் அதனால் அவ்வளவு எளிதில் புளுக முடியாது.

ஜான் ஹாலண்ட் பிடித்தது இந்த இழையைத்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த புது ஆட்களை நேர்காணல் செய்தவர் அவர். யார் யார் என்னென்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்கக் கேட்க, அத்தனை பேருடைய கதையும் சில வகைகளுக்குள் அடங்குவதைக் கவனித்தார். பிறகு உளவியலாளராகி, 1959இல் தன் கோட்பாட்டை வெளியிட்டார். அதன்படி ஆறு வகை: கருவியும் கையுமாக இருப்பவர்கள், ஆராய்பவர்கள், படைப்பவர்கள், பிறருக்குக் கற்றுக்கொடுத்துத் துணை நிற்பவர்கள், பேசி ஆள் சேர்த்துக் காரியம் முடிப்பவர்கள், கணக்கையும் கோப்பையும் ஒழுங்காக வைப்பவர்கள். யாரும் ஒரே வகை இல்லை. இரண்டு மூன்று கலந்திருக்கும். ஆறையும் ஓர் அறுகோணத்தில் வைத்தார். பக்கத்தில் இருப்பவை ஒத்துப்போகும், எதிரெதிரே இருப்பவை முட்டிக்கொள்ளும். படைப்புக்கு நேர் எதிரே இருப்பது கோப்பு ஒழுங்கு. கதை எழுதுகிறவருக்கு வரவு செலவுக் கணக்கு ஏன் வேம்பாகக் கசக்கிறது என்பது புரிகிறதல்லவா?

இதை நீங்களே செய்து பார்க்கலாம். கடந்த ஐந்து வருடத்தில் செய்த காரியங்களை எழுதுங்கள். பதவிப் பெயர் வேண்டாம். 'சாஃப்ட்வேர் இன்ஜினியர்' என்பதில் ஒரு தகவலும் இல்லை. 'புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்', 'இரவு முழுக்க ஒரு பிழையைத் துரத்தினேன்', 'அலுவலகச் சுற்றுலாவுக்குப் பணம் வசூலித்து பஸ் பிடித்தேன்' என்று எழுதுங்கள். சம்பளம் இல்லாமல் செய்தவற்றையும் சேருங்கள். கோயில் திருவிழாக் கணக்கை எட்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவருக்கு அவர் எந்த வகை என்று சொல்ல உளவியல் நிபுணர் தேவையில்லை.

வகை தெரிந்ததும் துள்ள வேண்டாம். ஆர்வமும் வேலையும் பொருந்துவதற்கும் வேலையில் கிடைக்கும் நிறைவுக்கும் உள்ள தொடர்பு, நாம் நினைப்பதைவிடச் சிறியது என்றே ஆய்வுகள் சொல்கின்றன. வகை ஒரு திசைகாட்டி, அவ்வளவுதான். ஆளை நான்கெழுத்தில் அடைக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனையில் சில வாரம் கழித்து மறுபடி உட்கார்ந்தால் பலருக்கு வேறு எழுத்து வருகிறது. பிள்ளையின் கைரேகையை எடுத்து மூளைத்திறனும் படிப்பும் சொல்கிறோம் என்று யாராவது வந்தால், பர்ஸை மூடிக்கொள்ளுங்கள். அதற்கு அறிவியல் அடிப்படை கிடையாது.

அடுத்தது ஒரு நோட்டு. மிஹாய் சிக்சென்ட்மிஹாயும் ஜூடித் லெஃபெவ்ரும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், 78 ஊழியர்களிடம் ஒரு வாரத்துக்குப் பேஜரைக் கொடுத்தார்கள். அது ஒலிக்கும்போதெல்லாம் என்ன செய்கிறோம், எப்படி உணர்கிறோம் என்று குறிக்க வேண்டும். திறமைக்குச் சரியான சவால் அமைந்து வேலையில் கரைந்துபோகும் நிலை, ஓய்வு நேரத்தைவிடப் பணிநேரத்தில்தான் அதிகம் இருந்தது. ஆனால் அதே ஆட்கள், பணியில் இருந்தபோது வேறெங்காவது இருந்தால் தேவலை என்றும் எழுதினார்கள்! மனத்தின் தீர்ப்பை மட்டும் நம்பி ராஜினாமா எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் கைபேசியில் தினமும் நான்கு அலாரம் வையுங்கள். ஒலிக்கும்போது நோட்டில் இரண்டே வரி: என்ன செய்தேன், நேரம் போனதா இழுத்ததா.

நோட்டைப் புரட்டும்போது, வேலையை மாற்றாமலே மாற்றக்கூடியது எது என்றும் பாருங்கள். ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் சகாக்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வில் 24 நிர்வாக உதவியாளர்கள் இருந்தார்கள். ஏறக்குறைய ஒரே வேலை. அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது வெறும் சம்பளம், இன்னொரு பங்கினருக்கு முன்னேறும் படி, மிச்சப் பேருக்கு அதுவே வாழ்வின் பணி. பிற்பாடு அவர் ஜேன் டட்டனோடு சேர்ந்து மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி எழுதினார். சிலர் நோயாளிகளிடமும் பார்க்க வந்தவர்களிடமும் பேசி, குணமாவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று வேலையையே விரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்காக மோசமான முதலாளியைச் சகித்துக்கொள்ளச் சொல்லவில்லை. குறைந்த கூலிக்கு 'அர்த்தம்' ஈடாகாது.

மாற்றுவது என்றே முடிவானால், அந்த வேலையில் இருக்கும் ஒருவரைப் பிடியுங்கள். உளவியலாளர் டேனியல் கில்பர்ட்டின் குழு 2009இல் ஓர் ஆய்வில் காட்டியது இது: ஓர் அனுபவம் நமக்கு எப்படி இருக்கும் என்பதை, நாமே கற்பனை செய்வதைவிட, அதை அனுபவித்த முன்பின் தெரியாத ஒருவரின் சொல் சரியாகக் கணிக்கிறது. "வேலை எப்படி அண்ணா?" என்று கேட்டால் "ஏதோ போகுது" என்பார். "நேற்று காலை பத்து மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேளுங்கள். பிறகு நான்கு சனிக்கிழமை அதையே சிறிய அளவில் செய்து பாருங்கள். பேக்கரி வைக்க ஆசைப்படுபவர் ஒரு பேக்கரியில் விடிகாலை நான்கு மணிக்குப் போய் நிற்கட்டும்.

நாளைக்கு அலுவலகம் போகும் வழியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ராஜினாமாக் கடிதத்தை அது நிரம்பிய பிறகு எழுதலாம்.