ஆயிரம் மணி நேரத் தொண்டும் ஒரு தகுதிச் சான்றும்

சம்பள நாள் வருகிறது. மாதம் முழுவதும் விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குச் சென்று, நிரை பிடித்து மரம் வெட்டிப் பால் சுமந்த உழைப்பின் பயன் கைக்குக் கிட்டுகிறது. ஆயினும் அன்று மாலையே மளிகைக் கடைக்கு ஒரு பங்கு, தவணைக்காரருக்கு ஒரு பங்கு, வட்டிக்காரருக்கு ஒரு பங்கு எனப் பிரிந்து போனபின், எஞ்சியது என்ன என்று எண்ணிப் பார்க்கவும் மனம் அஞ்சும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இக்குடும்பங்களில் உழைப்புக் குறைவு என்றோ அறிவுக் குறைவு என்றோ எவரும் கூற இயலாது. உடன் அமர்ந்து கணக்கை விரித்துப் பார்க்க நம்பத்தக்க ஒருவர் அருகில் இல்லை என்பதே அவர்களின் குறை.

அந்த ஒருவர் நம் தோட்டத்திலிருந்தே தோன்ற முடியுமா? பிறருக்கு ஊதியமின்றி உதவிக்கொண்டே, அவ்வுதவியையே படிக்கட்டாகக் கொண்டு, அவர் ஒரு தொழில் தகுதியையும் பெற முடியுமா? இவ்வினாக்களுக்கு அமெரிக்க நாட்டில் நடைமுறையில் உள்ள ஒரு வழி விடை தருகிறது. அதனை அறிந்து, நமக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்வதே இம்மாதப் பாடம்.

பண ஆலோசகர் என்பவர் யார்?

காப்புறுதி விற்பவர் வேறு. பங்கு வாங்கச் சொல்பவர் வேறு. கடன் கொடுப்பவர் வேறு. இவர்கள் ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ள ஒரு பொருளை நமக்கு விற்க வருகிறவர்கள். பண ஆலோசகரோ எதையும் விற்பதில்லை. ஒரு குடும்பத்தின் வரவு, செலவு, கடன், சேமிப்பு ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதச் செய்து, அக்குடும்பமே தன் வழியைத் தேர்ந்துகொள்ளத் துணை நிற்பது அவர் பணி. மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் அவர் கணக்குப் பார்க்கிறார்.

அமெரிக்காவில் உள்ள முறை

அமெரிக்காவில் நிதி ஆலோசனை, திட்டமிடல் கல்விச் சங்கம் என்னும் அமைப்பு, "அங்கீகாரம் பெற்ற நிதி ஆலோசகர்" என்ற தகுதிச் சான்றை வழங்கி வருகிறது. அதனைப் பெற விழைவோர் நான்கு படிகளைக் கடக்க வேண்டும்.

முதற்படி கல்வி. குடும்ப வரவு செலவு, கடன், வரி, காப்புறுதி, ஓய்வுக்காலச் சேமிப்பு ஆகியவற்றையும், மக்களோடு பேசிக் கலந்தாயும் முறையையும் பயில வேண்டும். இரண்டாம் படி தேர்வு. மூன்றாம் படி அனுபவம்; 1,000 மணி நேரம் ஆலோசனைப் பணியிலோ கற்பிக்கும் பணியிலோ ஈடுபட்டிருக்க வேண்டும். நான்காம் படி ஒழுக்க விதிகளுக்கு உடன்பட்டுக் கையொப்பமிடுதல். சான்று பெற்ற பின்னரும் அவ்வப்போது தொடர்கல்வி பயின்று அதனைப் புதுப்பித்து வர வேண்டும்.

மூன்றாம் படியே நம் கவனத்திற்குரியது. அந்த 1,000 மணி நேரம் ஊதியம் பெற்ற வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொண்டாகச் செய்த மணிகளும் கணக்கில் சேரும். வேலை கிடைத்தால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை என்னும் சுழலில் சிக்கித் தவிக்கும் ஏழை எளியோருக்கு இவ்விதி ஒரு கதவைத் திறந்து வைக்கிறது.

இதனால் பயன் பெற்றோரில் போர்வீரர்களின் மனைவியரும் உளர். கணவருக்கு மாற்றல் வரும்போதெல்லாம் ஊர்விட்டு ஊர் செல்லும் அவர்களால் ஓர் அலுவலகத்தில் நிலைத்துப் பணிபுரிய இயலாது. 2006ஆம் ஆண்டில் தொடங்கிய ஓர் உதவித் திட்டத்தின் வழி அவர்களுள் பலர் இச்சான்றுக்குப் பயின்றனர். படைக் குடும்பங்களுக்கு அவர்கள் செய்த தொண்டு, அவர்களுக்கே ஒரு தொழிலைத் தந்தது.

தொண்டு செய்யும் களங்களும் அங்குப் பலவாக உள்ளன. 1914ஆம் ஆண்டின் சுமித்–லீவர் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழக விரிவாக்கப் பணி, நாட்டுப்புறக் குடும்பங்களின் வாயிற்படிக்கே கல்வியைக் கொண்டு சென்றது. குடும்ப வரவு செலவும் அக்கல்வியின் ஒரு பகுதி. 1969ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டத்தை அடுத்துத் தோன்றிய தொண்டர் வரி உதவித் திட்டத்தில், குறைந்த வருமானத்தார்க்குத் தொண்டர்கள் இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தருகின்றனர். அத்தொண்டர்களும் முதலில் தேர்வு எழுதித் தேற வேண்டும். நல்லெண்ணம் மட்டும் போதாது. அறிவும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

ஆயிரம் மணி என்றால் எவ்வளவு?

வாரத்திற்கு 10 மணி நேரம் ஒதுக்கினால் 100 வாரங்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். வாரத்திற்கு 5 மணி நேரமே இயலுமாயின் 200 வாரங்கள்; ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். சிறுதுளி பெருவெள்ளம் என்பது பணத்திற்கு மட்டுமன்று, நேரத்திற்கும் பொருந்தும்.

ஆனால் எழுதி வைக்காத மணி, செய்யாத மணிக்குச் சமம். நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், செய்த பணி, மேற்பார்வையாளர் கையொப்பம் ஆகிய ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு குறிப்பேட்டை முதல் நாளிலிருந்தே வைத்திருத்தல் வேண்டும். பால் நிறுக்கும்போது கிராணியின் புத்தகத்தில் எடை பதிந்ததா என்று நாம் எட்டிப் பார்ப்பதில்லையா? அதே விழிப்பு இங்கும் தேவை.

ஆலோசனை நடைபெறும் விதம்: ஓர் எடுத்துக்காட்டு

கணவன், மனைவி இருவரும் உழைக்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி கிடைக்கிறது. ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்கு 11 வீதம் 187 வெள்ளியும், சொக்சோ முதலிய சிறு பிடித்தங்களும் போக, ஒருவருக்கு ஏறக்குறைய 1,500 வெள்ளி; இருவருக்கும் 3,000 வெள்ளி.

தொண்டர் அவர்கள் வீட்டில் அமர்ந்து செலவுகளை எழுதச் சொல்கிறார். மளிகை, மீன், காய்கறி 1,050. பிள்ளைகளின் பள்ளிச் செலவும் பேருந்தும் 350. மின்சாரம், நீர், தொலைபேசி 200. மோட்டார் சைக்கிள் தவணையும் எண்ணெயும் 400. முதிய பெற்றோருக்கு 200. மருந்து, கோயில், நன்மை தீமைகளுக்கு 250. தளவாடத் தவணை 250. கூட்டினால் 2,700 வெள்ளி. எஞ்சிய 300 வெள்ளி எங்கே?

கணவர் தலை குனிகிறார். மனைவிக்குத் தெரியாமல் அவர் 3,000 வெள்ளி கடன் வாங்கியிருக்கிறார். மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி. அந்த 300 வெள்ளி மாதந்தோறும் வட்டிக்கே போய்க்கொண்டிருக்கிறது.

தேர்ந்த ஆலோசகர் இவ்விடத்தில்தான் தெரிவார். "அண்ணே, நடந்ததைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. இன்றுவரை எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள் என்று மட்டும் சேர்ந்து கணக்குப் பார்ப்போம்" என்று அவர் கூறுகிறார். ஓராண்டில் 3,600 வெள்ளி கட்டியாயிற்று. அசல் 3,000 வெள்ளி அப்படியே நிற்கிறது. மாதம் நூற்றுக்குப் பத்து என்பது ஆண்டுக்கு நூற்றுக்கு நூற்றிருபது என்ற உண்மையை அக்குடும்பம் அன்றுதான் எழுத்தில் காண்கிறது.

நம் நாட்டின் 1951ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டத்தின்படி, உரிமம் பெற்ற கடன்காரர் ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18க்கு மேலும், ஈடுள்ள கடனுக்கு 12க்கு மேலும் வட்டி வாங்கலாகாது. ஆகவே கூட்டுறவுச் சங்கத்திலோ சட்டத்திற்கு உட்பட்ட வேறோர் இடத்திலோ 3,000 வெள்ளி பெற்று, பழைய கடனை அடியோடு அடைத்துவிட்டால் என்ன நிகழும்? உயர்ந்த வீதமான 18ஐயே ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டாலும் வட்டி 540 வெள்ளி. அசலும் வட்டியும் 3,540 வெள்ளி. பன்னிரண்டு மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் 295 வெள்ளி.

இன்று வட்டிக்கு மட்டும் கொடுக்கும் தொகையைவிட இது 5 வெள்ளி குறைவு. ஆயினும் ஓராண்டில் கடனே இல்லாமற் போகிறது! தளவாடத் தவணையும் முடிந்தபின், அக்குடும்பத்திற்கு மாதம் 550 வெள்ளி மிஞ்சும். சம்பளம் ஒரு காசும் உயரவில்லை. கணக்கு ஒன்றே மாறியது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் கூறியதன் பொருள் இதுவே.

மீறலாகாத எல்லைகள்

தொண்டர் ஒருவர் கைக்கொள்ள வேண்டிய விதிகள் சில உள்ளன. ஒரு வீட்டில் கேட்டதை மறு வீட்டில் சொல்லலாகாது. லயத்தில் ஒரு சொல் கசிந்தாலும் பத்தாண்டு நம்பிக்கை பாழாகும். பிறர் பணத்தைத் தம் கையால் வாங்கவோ கட்டவோ கூடாது. தாம் கடன் கொடுப்பதும், பிறர் கடனுக்குப் பிணை நிற்பதும் ஆகா. எந்த நிறுவனத்திடமும் தரகு பெறலாகாது. மிரட்டலும் வன்முறையும் உள்ள இடத்தில் தாமே பேச்சு நடத்தச் செல்லாமல், அக்குடும்பத்தைக் காவல் நிலையத்தில் புகார் செய்யத் தூண்ட வேண்டும்.

சட்டத்தையும் அவர் அறிந்திருத்தல் வேண்டும். கூட்டு என்றும் சீட்டு என்றும் பல பெயரால் வழங்கும் முறையைத் தொழிலாக நடத்துவது, 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது. "நமக்குள் நடப்பதுதானே" என்று இதில் சேர்ந்து, பணத்தை இழந்து வாயடைத்து நிற்போருக்கு அதனை முன்கூட்டியே எடுத்துரைப்பதும் தொண்டுதான்.

நம் நாட்டில் உள்ள வாய்ப்புகள்

ஏ.கே.பி.கே. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கடன் ஆலோசனை நிறுவனத்தை நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டில் நிறுவியது. வங்கிக் கடனில் சிக்கியோருக்கு அது கட்டணமின்றி ஆலோசனை கூறுகிறது. தவணைகளைச் சீரமைக்கவும் வழி செய்கிறது. அதன் வாயில் வரை ஒரு தொழிலாளியை, தக்க பத்திரங்களோடு அழைத்துச் செல்லும் இளைஞர் ஒருவர் தோட்டத்திற்குத் தேவை.

நிதித் திட்டமிடுவோருக்கான தகுதிச் சான்றுகள் நம் நாட்டிலும் உண்டு. 1999ஆம் ஆண்டில் தோன்றிய மலேசிய நிதித் திட்டமிடல் சங்கம் இத்துறையில் பணியாற்றுகிறது. இங்குள்ள விதிகள் வேறு. அமெரிக்க விதி இங்குச் செல்லும் என எண்ணிவிடலாகாது. அனுபவத்தை எவ்வாறு கணக்கிடுவர் என்பதை, கட்டணம் செலுத்துமுன் அந்தந்த அமைப்பிடமே எழுத்து மூலம் கேட்டறிதல் நன்று. மேலும், ஊதியம் பெற்று நிதித் திட்டம் வகுத்துக் கொடுக்க உரிமம் வேண்டும். தொண்டரின் பணி கணக்கு எழுதக் கற்பிப்பதோடும், தக்க இடத்தைக் காட்டுவதோடும் நிற்க வேண்டும்.

இது நமக்குப் புதிய பாதையும் அன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீடிழந்து நின்ற காலத்தில், 1960ஆம் ஆண்டு, துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம் தோட்டங்களையே வாங்கியது. கூட்டுறவுச் சங்கக் குழுவிலோ, பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ, ஆலய நிர்வாகத்திலோ இன்று கணக்கெழுதும் இளைஞர் எவரும் இப்பாடத்தின் முதற்படியில் ஏற்கெனவே கால் வைத்தவரே.

எனவே, ஐந்தாம் படிவமோ அதற்கு மேலோ பயின்ற பிள்ளைகள் நம் வீட்டில் இருப்பின், வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை அவர்கள் இப்பணிக்கு ஈயட்டும். அடுத்த வீட்டாரின் கண்ணீரைத் துடைக்கும் கை, தனக்கும் ஒரு தொழிலைத் தேடிக்கொள்ளும்.

பயிற்சி

1. உங்கள் வீட்டின் ஒரு மாத வரவையும் செலவையும் ஒரே தாளில் எழுதுங்கள். இடம் தெரியாமல் போன தொகை எவ்வளவு?

2. 2,000 வெள்ளி கடனுக்கு மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி எனின், ஓராண்டு வட்டி எவ்வளவு? ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டு எனின் எவ்வளவு?

3. வாரம் 4 மணி நேரம் தொண்டு செய்பவர் 1,000 மணி நேரத்தை எத்தனை வாரங்களில் நிறைவு செய்வார்?

4. பிறர் கணக்கைப் பார்க்கும் தொண்டர் காக்க வேண்டிய விதிகளுள் மூன்றைக் கூறி, அவற்றின் காரணத்தை விளக்குங்கள்.

விடைகளைக் குடும்பத்தோடு அமர்ந்து சரிபார்ப்போம். முதல் வினாவுக்கான விடையை மட்டும் ஊருக்கு உரைக்க வேண்டியதில்லை. வீட்டார் அனைவரும் அறிந்தால் போதும்.