இருட்டிலும் கரை தெரிய ஒரு கேமரா

பொன்னேரியை அடுத்த பழவேற்காட்டில், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் போன்ற ஊர்களில் படகும் வலையும் ராத்திரி கரையில்தான் கிடக்கும். காவலுக்கு 12 வோல்ட் அனலாக் கேமரா, கார் ரிவர்ஸ் மானிட்டர், ஒரு 12 வோல்ட் பேட்டரி போதும்.

பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து வரும் சிவப்பு ஒயரில், பேட்டரியை ஒட்டியே 2 ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் கேமராவுக்கும் மானிட்டருக்கும் பிரிப்பது. கறுப்பு ஒயர்கள் மைனஸுக்கு. மாற்றிக் கொடுத்தால் கேமரா போய்விடலாம். கேமராவின் பி.என்.சி. முனையில் ஆர்.சி.ஏ. அடாப்டர் மாட்டி மானிட்டரின் மஞ்சள் முனையில் செருகலாம். அனலாக் எச்.டி. கேமராவாக இருந்தால், அதை சி.வி.பி.எஸ். என்ற சாதாரண வீடியோ முறைக்கு மாற்றாவிட்டால் சாதாரண மானிட்டரில் படம் வராது. பலர் தடுமாறுவது இங்கேதான்.

இருட்டில் படம் தெரிய கேமராவில் அகச்சிவப்பு எல்.இ.டி. வேண்டும். 850 நானோமீட்டர் வகை தூரம் எட்டும், லேசான சிவப்பும் தெரியும். 940 நானோமீட்டர் வகை கண்ணுக்குத் தெரியாது, எட்டும் தூரமும் குறைவு. கேமராவை ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் ஒளி திரும்பி அடித்துப் படம் வெளுத்துவிடும்.

உப்புக்காற்றில் டேப் சுற்றிய இணைப்பு நிற்காது. ஈயம் வைத்துப் பற்றவைத்து, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, மூடிய பெட்டிக்குள் வைப்பதே சரி. ஒயர்கள் பெட்டியின் அடிப்பக்கமாக நுழையட்டும்.