தோருக்குத் தாடி சிவப்பு

டென்மார்க்கின் வைலே நகர நடுவில் இருக்கும் புனித நிக்கோலாய் தேவாலயத்தில், கண்ணாடிக்குக் கீழே ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது. பக்கத்து ஹரால்ஸ்கேர் பண்ணையின் சதுப்பு நிலத்தை 1835இல் தோண்டியவர்கள் கையில் அகப்பட்ட உடல் அது. ஹரால்ட் புளூடூத் அரசன் ஆசைகாட்டி வரவழைத்துச் சதுப்பில் அமிழ்த்திக் கொன்றதாகப் பழங்கதைகளில் ஒரு ராணி வருவாள், பெயர் குன்ஹில்ட். இவள் அவளேதான் என்று அன்றைய அறிஞர்கள் அடித்துச் சொன்னார்கள். மன்னர் ஆறாம் பிரெடெரிக் அவளுக்கு வேலைப்பாடுள்ள சவப்பெட்டியே செய்யவைத்தார். வொர்சே என்ற இளம் தொல்லியலாளர் மட்டும் அப்போதே மறுத்தார். 1977இல் கார்பன் கணிப்பு வந்தது: கி.மு. 490 வாக்கில் இறந்தவள். புளூடூத் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவள் சதுப்புக்குள் போய்விட்டாள்.

இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு பழைய காமிக்ஸ்களைக் குண்டு புத்தகங்களாகத் திரும்பப் படிக்கும்போது, நம்முடைய குன்ஹில்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. என் மேசையில் இரண்டு தொகுப்புகள் இருக்கின்றன. ஒன்று மார்வெலின் அவெஞ்சர்ஸ். மற்றது டென்மார்க்கின் சொந்தச் சரக்கு, பீட்டர் மாட்ஸன் வரைந்த 'வால்ஹல்லா'. இரண்டிலும் ஒரு கூட்டம் வீரர்கள், இரண்டிலும் அதே தோர், இரண்டிலும் கலகம் மூட்ட அதே லோகி. இவற்றைப் பற்றி நண்பர்கள் உறுதியாகச் சொல்லும் பல விஷயங்கள் புத்தகத்தைத் திறந்ததும் ஆட்டம் காண்கின்றன.

"அவெஞ்சர்ஸை ஆரம்பித்ததே கேப்டன் அமெரிக்காதானே?"

இல்லை. 1963 செப்டம்பர் தேதியிட்ட முதல் இதழில் அவர் கிடையாது. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் சேர்த்த ஐவர்: அயர்ன் மேன், தோர், ஹல்க், ஆன்ட்-மேன், வாஸ்ப். லோகி தன் அண்ணனைச் சிக்கவைக்க விரித்த வலையில் மற்றவர்களும் வந்து விழ, ஒரு குழு உருவாகிறது. அதற்குப் பெயர் வைப்பது வாஸ்ப். இந்தப் பெண்ணை முதல் படத்தின் குழுவில் சேர்க்காமலே விட்டுவிட்டார்கள். 2012 படத்தில் தொடக்கம் முதலே நிற்கும் ஹாக்ஐயோ, 1964இல் அயர்ன் மேனுக்கு எதிராக வில்லனாக அறிமுகமானவன்.

இதைவிட வேடிக்கை, குழு இரண்டு மாதம்கூட ஒழுங்காக நிற்கவில்லை. இரண்டாவது இதழின் கடைசியிலேயே ஹல்க் கோபித்துக்கொண்டு வெளியேறுகிறான். நான்காவது இதழில்தான், 1964 மார்ச்சில், கடலில் மிதக்கும் பனிக்கட்டிக்குள் உறைந்த கேப்டன் அமெரிக்கா அகப்படுகிறார். 1965 மே மாதம் வந்த 16ஆவது இதழில் மீதி நிறுவனர்களும் விடைபெற்றுப் போகிறார்கள். கேப்டனோடு மிஞ்சுவது ஹாக்ஐ, குயிக்சில்வர், ஸ்கார்லெட் விட்ச். மூவருமே போன வருஷம்வரை எதிரணியில் இருந்தவர்கள். தோரும் அயர்ன் மேனும் இல்லாமல், விசா முடிந்த வாடகைக்காரர்கள்போல் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு இருக்கும் இந்த நால்வர் கதைகள்தான் எனக்கு இன்றைக்கும் சுவாரஸ்யமாக இருக்கின்றன. பலசாலிகள் போன பிறகுதான் கதாசிரியருக்கு வாய்ச்சண்டை எழுத இடம் கிடைக்கிறது.

பனிக்கட்டிக் கதையிலும் ஓட்டை உண்டு. போர் முடியும் காலத்தில், 1945இல், உறைந்தவர் என்று நான்காவது இதழ் சொல்கிறது. ஆனால் 1954இல் கேப்டன் அமெரிக்கா கம்யூனிஸ்டுகளோடு மோதிய இதழ்கள் கடைக்கு வந்திருந்தன. அவர் அப்போது பனிக்குள் இருந்தார் என்றால் சண்டை போட்டது யார்? 1972இல் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் எழுதிய கதையில், அது வேறொரு ஆள், வேஷம் போட்டவன் என்று முடிச்சை அவிழ்த்தார்கள். மாத இதழாக வாங்கியவருக்கு எட்டு வருஷத்து இடைவெளி. தொகுப்புகளை அடுத்தடுத்து எடுப்பவருக்கு ஒரு வாரம். முதலிலிருந்தே திட்டமிட்டு எழுதினார்களோ என்ற மயக்கம் அந்த ஒரு வாரத்தில் வந்துவிடுகிறது. திட்டம் ஒன்றும் இல்லை, பின்னால் வந்தவர் ஒட்டுப்போட்டார், அவ்வளவுதான்.

"தொகுப்பு என்றால் பழைய இதழ் அப்படியே"

நம் ஊர் வாசகரைக் கேட்டால் தெரியும். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. அந்தத் தலைமுறைக்கு மறுபதிப்பு வரும்போதெல்லாம் ஒரு மனக்குறை: பழைய புத்தகத்தின் வாசம் இல்லையே! மாயாவியை அமெரிக்க சூப்பர் ஹீரோ என்று நினைத்திருந்தவர்கள் ஏராளம். அவர் 1962இல் லண்டனின் வேலியன்ட் வார இதழில் பிறந்தவர், வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ.

வாசத்தை விடுங்கள், கோடும் நிறமுமே மாறியிருக்கும். 1960களின் அமெரிக்க காமிக்ஸ் மட்டமான செய்தித்தாள் காகிதத்தில் அச்சானது. மை காகிதத்தில் ஊறிப் பரவும், மஞ்சள் மங்கும், சிவப்பு செங்கல் நிறமாகும். வண்ணக்காரர் அந்த மங்கலைக் கணக்கில் வைத்தே நிறம் குறித்தார். அதே குறிப்பை வழவழப்பான வெள்ளைத் தாளில் அச்சடித்தால் தோரின் சிவப்புச் சால்வை கண்ணைக் குத்துகிறது. குறை பழைய வண்ணக்காரர் மீது இல்லை.

கோட்டுக்கு இன்னொரு கதை. 1987இல் மார்வெல் மாஸ்டர்வொர்க்ஸ் என்ற கெட்டி அட்டை வரிசையைத் தொடங்கியபோது பல இதழ்களுக்கு நல்ல பிலிம் கிடைக்கவில்லை. மூல ஓவியங்களோ எங்கெங்கோ சிதறியிருந்தன. அந்தக் காலத்தில் கிரெக் தீக்ஸ்டன் என்பவர் ஒரு வழி கண்டிருந்தார். அச்சான பழைய இதழின் பக்கத்தையே ரசாயனத்தில் வெளுக்கவைத்து, நிறங்களைப் போக்கி, கறுப்புக் கோட்டை மட்டும் நிறுத்திக்கொள்வது. ஒரு பக்கத்தைக் காப்பாற்ற ஒரு பழைய பிரதி பலி. சில இடங்களில் மேலே தாள் வைத்துப் புதிதாகக் கோடு இழுத்தும் சமாளித்தார்கள். ஆகவே, கிர்பியின் கைவரிசை என்று நாம் உற்றுப் பார்க்கும் ஒரு மூக்கு, இருபது வருஷம் கழித்து யாரோ நகலெடுத்த மூக்காகவும் இருக்கலாம். பிற்காலப் பதிப்புகளில் நிறையத் திருத்தியிருக்கிறார்கள். ஒரே கதையின் இரண்டு தொகுப்புகளை அருகருகே விரித்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

விளம்பரங்கள் போய்விட்டன. வாசகர் கடிதங்கள், ஆம்னிபஸ் எனப்படும் பெருந்தொகுப்புகள் சிலவற்றில் மட்டும் மிஞ்சுகின்றன. சில கதைகள் உரிமைச் சிக்கலில் மாட்டிப் பல்லாண்டு தொகுப்புக்கே வரவில்லை. ரோம் என்ற விண்வெளி வீரன் ஒரு பொம்மைக் கம்பெனியின் சொத்து என்பதால், மார்வெல் தானே வெளியிட்ட அவன் கதைகளை மறுபதிப்பிட 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"எல்லாம் ஸ்டான் லீயின் மூளை"

இதற்குப் பதில் சுருக்கமானது. லீ கதையின் போக்கைச் சொல்வார், கிர்பி காட்சி காட்சியாக முழுக்கதையையும் வரைந்து கொடுப்பார், லீ வசனம் நிரப்புவார். கதை கட்டியதில் பாதிக்குமேல் பென்சில் பிடித்தவர் பங்கு. தோரின் முதல் கதையை வசனமாக்கியதோ லீயின் தம்பி லாரி லீபர். அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1957இல், வேறொரு நிறுவனத்துக்காகக் கிர்பி தோரின் சுத்தியலை வைத்து ஒரு கதை வரைந்திருந்தார். அதில் தோருக்குத் தாடி இருந்தது! கிர்பி குடும்பத்தோடு மார்வெல் 2014இல் சமரசம் செய்துகொண்ட பிறகுதான் அவர் பெயர் முறையாக லீயின் பக்கத்தில் ஏறியது.

"மார்வெல் தோர்தான் வைக்கிங்குகளின் தோர்"

என் தங்கை மகன் வைலேயில் பிறந்தவன். அவெஞ்சர்ஸ் படம் எல்லாம் மனப்பாடம். வால்ஹல்லா தொகுப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டான்:

"மாமா, இந்தத் தோர் ஏன் இப்பிடி? படத்தில மஞ்சள் தலைமயிரெல்லோ?"

"படத்தில வாறவர் அமெரிக்காக்காரற்ற தோர். இவர்தான் இஞ்சத்தவர்."

பழைய நூல்களில் தோருக்குத் தாடி சிவப்பு. மாட்ஸனின் தோரும் அப்படித்தான், சிவந்த தாடியும் ஆட்டுக்கடா பூட்டிய தேருமாக. 1962 ஆகஸ்டில் மார்வெல் அறிமுகப்படுத்தியவன் தாடி மழித்த, பொன்னிறத் தலைமுடிக்காரன். அவன் அறிமுகமானதும் டென்மார்க்கில் அல்ல. நோர்வேக்கு விடுமுறை போன டொனால்ட் பிளேக் என்ற டாக்டர், சனி கிரகத்துக் கல் மனிதர்களுக்குப் பயந்து குகைக்குள் ஒளிகிறார், அங்கே கிடந்த தடி சுத்தியலாகிறது. தகுதி உள்ளவன் மட்டுமே அதைத் தூக்க முடியும் என்பது மார்வெலின் கற்பனை. புராணத்தில் அதை அரக்கன் ஒருவன் சுலபமாகத் திருடிக்கொண்டே போய்விடுகிறான். தோருக்கே அதை ஆள இரும்புக் கையுறையும் பலம் கூட்டும் அரைக்கச்சையும் வேண்டும். லோகி தோரின் தம்பி அல்ல, தோரின் தந்தை ஓடினோடு இரத்தம் கலந்து உறவு பூண்டவன். மார்வெலில் அரக்க அரசனாக வரும் லாஃபே, மூலத்தில் லோகியின் அம்மா.

அந்தத் திருட்டுக் கதைதான் வால்ஹல்லா வரிசையின் இரண்டாவது ஆல்பம், 'தோரின் கல்யாணப் பயணம்'. சுத்தியலைத் திருப்பித் தர அரக்கன் கேட்கும் விலை ஃப்ரேயா தேவி. அவள் மறுக்க, தோருக்கே மணப்பெண் வேஷம் கட்டி அனுப்புகிறார்கள், லோகி தோழிப்பெண். விருந்தில் மணமகள் ஒரு முழு எருதையும் எட்டு சால்மன் மீன்களையும் ஒரே மூச்சில் முடித்து மூன்று பீப்பாய் மது குடிக்க, மாப்பிள்ளை திகைக்கிறான். உங்களை நினைத்து எட்டு இரவாகச் சாப்பிடவில்லை என்கிறாள் தோழி. மார்வெலின் கம்பீரத் தோரை இந்தப் பந்தியில் உட்காரவைத்துப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை.

"அப்படியானால் எட்டாதான் கலப்படமில்லாத மூலம்"

காமிக்ஸை மட்டம்தட்ட விரும்புகிறவர்கள் இங்கே வந்து நிற்பார்கள். தோர், லோகி கதைகளுக்கு மூலமான 'எட்டா' என்ற பழம்பாடல்களின் தலையாய கைப்பிரதி ஐஸ்லாந்தில் 1270 வாக்கில் எழுதப்பட்டது. ஐஸ்லாந்து கிறிஸ்தவத்தைத் தழுவி அப்போது இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. எழுதியவர்களுக்குத் தோர் கும்பிடும் தெய்வம் அல்ல, பாட்டன் காலத்துக் கதாபாத்திரம். வெவ்வேறு காலத்துப் பாடல்களை ஒருவர் வரிசைப்படுத்தி, இடையிடையே உரைநடையில் இணைப்பு எழுதிச் சேர்த்திருக்கிறார். அதுவும் ஒரு தொகுப்புதான், பதிப்பாசிரியர் கை பட்ட தொகுப்பு. நடுவில் எட்டு ஏடுகள் காணாமல் போயிருக்கின்றன. 1643இல் ஒரு பிஷப் கைக்கு வந்து, 1662இல் டென்மார்க் அரசருக்குப் பரிசாகி, கோபன்ஹேகனில் முந்நூறு ஆண்டு இருந்தது. 1971 ஏப்ரல் 21இல் டேனிஷ் கடற்படைக் கப்பலில் ரெய்க்யாவிக் திரும்பியபோது துறைமுகத்தில் பெருங்கூட்டம்.

வைலேயிலிருந்து ஹெர்னிங் போகும் ரயிலில் ஏறினால் சற்று நேரத்தில் யெலிங் வந்துவிடும். அங்கே, டேனிஷ் மக்களைக் கிறிஸ்தவர்களாக்கியவன் நானே என்று அதே ஹரால்ட் புளூடூத் 965 வாக்கில் வெட்டிவைத்த கல் நிற்கிறது. தோர் அன்றோடு ஒழிந்தான் என்றும் ஒரு நம்பிக்கை. ஆனால் அந்த நூற்றாண்டிலேயே யூட்லாந்தில் ஒரு உலோகத் தச்சன் வைத்திருந்த மாக்கல் அச்சில் சிலுவைக்கும் குழி உண்டு, தோரின் சுத்தியலுக்கும் குழி உண்டு. வாங்க வருகிறவர் விருப்பம்.

"முதலாம் தொகுதி கிடைக்காமல் தொடக்கூடாது"

மார்வெலின் எபிக் கலெக்‌ஷன் வரிசையையே வேண்டுமென்றே எண் மாற்றி மாற்றித்தான் வெளியிடுகிறார்கள். ஏழு வந்த பிறகு இரண்டு வரும். ஆனாலும் அவெஞ்சர்ஸில் முதல் தொகுதியைச் சிபாரிசு செய்ய ஒரு காரணம் உண்டு. முதல் 20 இதழ்களும் அதில் இருப்பதால் ஹல்க் போவது, கேப்டன் வருவது, நிறுவனர்கள் கலைவது எல்லாம் ஒரே அட்டைக்குள் அடங்கிவிடுகின்றன.

வால்ஹல்லா 1978இல் நாளிதழ்த் தொடராகத் தொடங்கி, 1979 முதல் 2009 வரை 15 ஆல்பங்களாக வந்தது. தொகுப்பு ஐந்து பெரும் புத்தகம், ஒன்றுக்கு மூன்று கதை. கல்யாணப் பயணம் முதல் புத்தகத்திலேயே இருக்கிறது. வரிசையின் நான்காவது கதையில் வரும் குவார்க் என்ற அடங்காப் பிள்ளையை எட்டாவில் தேடி நேரம் வீணாக்க வேண்டாம், அவன் இந்தக் குழுவினரின் படைப்பு. விலை கட்டுபடியாகாதவர்கள் நூலகத்தின் பொது இணையப் பட்டியலில் பதிந்தால், புத்தகம் நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் வைலேக்கு வரவழைத்துத் தருவார்கள். டேனிஷ் தடுமாறும் பெற்றோர், பக்கத்தில் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டால் போதும். மணப்பெண் எருது தின்னும் பக்கத்துக்கு அதுவும் தேவைப்படாது.