நாய்க்குட்டிகளிற் குடலிறக்கம்

வாய்திறந்து தம் நோயைக் கூறமாட்டாத உயிர்களை வளர்ப்போர், அவற்றின் உடற்குறிகளை அறிந்திருத்தல் கடனாகும். பொமரேனியன், பீக்கினீஸ் முதலிய சிறுசாதி நாய்க்குட்டிகளின் கொப்பூழில் மென்மையான புடைப்பொன்று காணப்படுவதுண்டு. அதனைக் கண்டு சிலர் வீணே கலங்குவர். சிலர் ஒரேயடியாகப் புறக்கணிப்பர். எப்போது பொறுத்திருக்கலாம், எப்போது விரைதல் வேண்டும் என்பதையே நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தாய்வயிற்றிற் குட்டி வளருங்கால், கொப்பூழ்க்கொடியின் குருதிக்குழாய்கள் வயிற்றுச் சுவரிலுள்ள ஒரு வளையத்தினூடாகச் செல்கின்றன. பிறந்தபின் அவ்வளையம் மூடிக்கொள்ளும். முற்றாக மூடாவிடின், உள்ளிருக்கும் கொழுப்போ குடலின் ஒரு பகுதியோ வெளிப்பட்டுத் தோலின்கீழ்ப் புடைத்து நிற்கும். ஆகவே, பெயரை நோக்கி, இறங்கியது எப்போதும் குடலே எனக் கருதலாகாது. தாய் கொடியைக் கடித்திழுத்தமையே காரணமென்பாரும் உளர். பெரும்பாலும் இது பரம்பரையாய் வரும் குறையே.

குட்டியை மல்லாத்திப் புடைப்பை விரலால் மெல்ல அழுத்தினால், அது உள்ளே சென்று மறையுமாயின் உடனடி ஆபத்தில்லை. சிறிய துளைகள் ஆறு மாதத்துக்குள் தாமே மூடுதலும் உண்டு. மூடாதவற்றையும் பெரியவற்றையும் மிருக வைத்தியர் சத்திரசிகிச்சையால் தைத்து மூடுவர். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யும்போதே இதனையும் முடித்துக்கொண்டால், குட்டிக்கு இருமுறை மயக்கமருந்து கொடுக்க வேண்டியதில்லை. காசு வைத்துத் துணியாற் கட்டுதல் பயன் தராது. தோலைப் புண்ணாக்கவே செய்யும்.

புடைப்பு இறுகிச் சூடேறி, தொட்டால் நோவுண்டாக்கி, உள்ளே செல்லாது நிற்க, குட்டியும் உணவை வெறுத்து வாந்தியெடுக்குமாயின், குடல் நெரிபட்டுக் குருதியோட்டம் தடைப்பட்டதெனக் கொள்க. அப்போது வலிந்து அழுத்துதல் தகாது. அன்றே, அப்பொழுதே வைத்தியரை நாடல் வேண்டும். விடியட்டும் எனத் தாமதித்தால் உயிர் தங்காது போகலாம்.

தொடை வயிற்றோடு சேருமிடத்திலும் இத்தகைய புடைப்புத் தோன்றும். பெண் நாயாயின், அதனூடே கருப்பையோ சிறுநீர்ப்பையோ இறங்கக்கூடும். ஆதலின், அதனை வைத்தியரிடம் காட்டாது காத்திருத்தல் நன்றன்று.

இக்குறையுடைய நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தாது விடுதலே முறை. குட்டியை விற்பவர் குறையை மறையாது கூறுதலும், வாங்குபவர் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்து வாங்குதலும் வேண்டும். அழகை விரும்பி ஓருயிரை வீட்டுக்குக் கொணர்ந்த நாம், அதன் நோவுக்கும் பொறுப்பாளர் ஆகின்றோம்.