முதல் முறை ஆலோசனைக்குப் போகிற பிள்ளைகளுக்கு

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதல் தடவை வருகிறவர்கள் ஓ.பி. சீட்டைச் சுருட்டிப் பிடித்தபடி ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஒரு பயம். உள்ளே போய் என்ன பேசுவது என்பது அதைவிடப் பெரிய பயம். சரியாகப் பேசத் தெரியாது என்பதற்காகவே மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. கோவையாகப் பேச வேண்டியதே இல்லை. நடப்பதை உள்ளபடி சொன்னால் போதும்.

1. யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் படித்தவர், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார், மாத்திரை எழுத மாட்டார். அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். சில வாரப் பயிற்சி முடித்துவிட்டு ஆலோசகர் என்று பலகை மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். "என்ன படிச்சிருக்கீங்க, எங்கே பதிவு பண்ணியிருக்கீங்க?" என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. முறையாகப் படித்தவர் கோபப்பட மாட்டார்.

2. உடம்பிலிருந்து தொடங்குங்கள். மனசைப் பற்றிச் சொல்ல வார்த்தை கிடைக்காதவர்களும் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுவார்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எப்போது முழிப்பு வருகிறது, சாப்பாடு இறங்குகிறதா, நெஞ்சு படபடக்கிறதா, குளிக்கவும் தலை வாரவும்கூட மலைப்பாக இருக்கிறதா? போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இவற்றைத் துண்டுத் தாளிலோ கைபேசியிலோ குறித்து வையுங்கள். கூடவே எப்போதிலிருந்து இப்படி, அந்தச் சமயத்தில் வீட்டிலோ வேலையிலோ என்ன நடந்தது என்றும் இரண்டு வரி. சாப்பிடுகிற மாத்திரைகள், சித்த மருந்து, கஷாயம் எல்லாவற்றின் பெயரும் வேண்டும். பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 சத்து குறைந்தாலும் சோர்வும் மனத்தளர்ச்சியும் வரும். குடி, சிகரெட், தூக்க மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். மந்திரித்துக் கயிறு கட்டியதையும் சொல்லலாம். அதற்காக யாரும் உங்களைக் கேவலமாக நினைக்கக் கூடாது.

3. முதல் நாள் பெரும்பாலும் கேள்வி கேட்பதிலேயே போய்விடும். முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். குடும்பம், படிப்பு, பழைய வியாதிகள் என்று ஆலோசகர் கேட்டுக்கொண்டே போவார். எல்லாவற்றுக்கும் அன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. சின்ன வயதில் யாரோ தொட்ட கதையை நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன்: "இதைப் பத்தி இன்னைக்குப் பேச வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. நம்பிக்கை வந்த பிறகு சொல்லுங்கள். அழுகை வந்தால் அடக்காதீர்கள். அந்த அறையில் தினமும் யாராவது அழுகிறார்கள்.

4. துணைக்கு ஆள் வருவது நல்லது. ஆனால் அம்மாவோ கணவரோ பக்கத்தில் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் தாங்களே பதில் சொல்லிவிடுவார்கள்; அவர்கள் கவலை அப்படி. "கொஞ்ச நேரம் தனியா பேசணும்" என்று கேளுங்கள். நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால் தாளில் எழுதி ஆலோசகரிடம் நீட்டுங்கள். அவரே பக்குவமாக வெளியே அனுப்பிவைப்பார்.

5. நீங்கள் சொல்வது வெளியே போகுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு ரகசியத்தை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. உங்கள் சம்மதமில்லாமல் அலுவலகத்துக்கோ கல்லூரிக்கோ தகவல் தரக் கூடாது. விலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து இருந்தால், நீதிமன்றம் கேட்டால். பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரியவந்தால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும்.

6. கட்டணத்தைப் போனிலேயே கேளுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

7. திரும்பி வரும்போது களைப்பாக இருக்கும், சிலருக்கு மனசு முன்னைவிடக் கனத்தும் இருக்கும். அன்று மாலை வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். பாரம் குறையவில்லையே என்று முதல் நாளோடு விட்டுவிடாமல் இன்னும் இரண்டு மூன்று முறை போய்ப் பாருங்கள். ஆனால் உங்கள் பேச்சைப் பாதியில் வெட்டி உபதேசம் செய்கிறவர், "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்கிறவர், சாதியையோ உடையையோ குறை சொல்கிறவர், அநாவசியமாகத் தொடுகிறவர், இவர்களிடம் இரண்டாம் முறை போகவே வேண்டாம். ஆளை மாற்றுங்கள், சிகிச்சையை விடாதீர்கள்.

8. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்திருந்தால் அதைச் சொல்வதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முதல் நாள், முதல் பேச்சே அதுவாக இருக்கட்டும். ஏற்கெனவே முயன்று பிழைத்தவர்கள் போலீசுக்குப் பயந்து மறைக்கிறார்கள். முன்பு சொன்ன மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு அவர்களைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர்களாகவே கருதச் சொல்கிறது. தண்டிப்பதற்குப் பதிலாகச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமையாக்குகிறது. அப்படி எண்ணம் வருகிறவர்கள் ஆலோசனைக்குக் குறித்த தேதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416, இரவும் பகலும் கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். இந்த வரியைப் படிக்கும்போதே அந்த எண்ணம் இருந்தால் இப்போதே கூப்பிடுங்கள், கண்ணு.