புதிய மண்ணில் வாழக் கற்ற பாடம்



"பாம்பு தின்னும் ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு" என்பது நம் நாட்டுப்புற மக்கள் வழங்கும் பழமொழி. சென்ற இடத்தின் வழக்கத்தை ஏற்று வாழ வேண்டும் என்பது அதன் கருத்து. ஆயினும், புதிய நாட்டில் குடியேறியவர் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளத்தான் வேண்டுமா? மாற்றிக்கொள்ள வேண்டியவை யாவை? மாற்றாமல் காக்க வேண்டியவை யாவை? எவ்வளவு முயன்றாலும் தனியொருவரால் பழகிக்கொள்ள இயலாதவை யாவை? தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்த நம் முன்னோரின் வாழ்வைக் கொண்டு இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

கரை சேர்ந்த நாள்

நம் முன்னோருள் பெரும்பாலோர் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறினர். 1926ஆம் ஆண்டு முதல் 1973ஆம் ஆண்டு வரை கடலில் ஓடிய 'ரஜூலா' என்னும் கப்பலின் பெயரை முதியோர் பலர் வாயிலாக நாம் கேட்டிருக்கிறோம். கப்பலின் தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் பல நாள் பயணம் செய்தவர்கள், கரை கண்டவுடன் நேரே தோட்டத்திற்குச் சென்றுவிடவில்லை. அம்மை, பேதி முதலிய தொற்றுநோய்கள் உள்ளனவா என்றறிய, பினாங்கை அடுத்துள்ள ஜெரெஜாக் தீவு போன்ற இடங்களில் அவர்கள் சில நாள் தங்க வைக்கப்பட்டனர். அதன் பின்னரே லயன் வீடும், பெரட்டுக் களமும், இருண்ட ரப்பர்க் காடும் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தன.

குறைந்த வெயிலும் மிகுந்த புழுக்கமும்

திருச்சிராப்பள்ளியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கோடைக் காலத்தில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தொடுவதுண்டு. மலேசியத் தாழ்நிலங்களிலோ பகல் வெப்பம் பெரும்பாலும் 32 அல்லது 33 பாகையே. அவ்வாறாயின், அங்கிருந்து வந்தவர்க்கு இந்நாடு குளிர்ச்சியாகவன்றோ தோன்றியிருக்க வேண்டும்? அப்படித் தோன்றவில்லை, புழுங்கித் தவித்தனர். அதற்குக் காரணம் காற்றின் ஈரம். வேர்வை சுரப்பதனால் மட்டும் உடல் குளிர்வதில்லை; சுரந்த வேர்வை ஆவியாக வேண்டும். வறண்ட காற்றில் அது விரைந்து உலரும். ஈரக் காற்றிலோ தோலின் மேலேயே தங்கி வழியும். உடலின் சூடு தணியாது.

எனினும் மனித உடல் ஓர் அரிய கருவி. வெப்பத்தில் நாள்தோறும் சிறிது சிறிதாக உழைத்து வந்தால், ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வாரங்களில் அது பழகிக்கொள்ளும். வேர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கும். அதனுடன் வெளியேறும் உப்பின் அளவு குறையும். இதயத்தின் படபடப்பும் தணியும். ஆகவே முதல் சில நாட்களே பெரிதும் ஆபத்தானவை. அந்நாட்களில் முழு வேலையைச் சுமத்துவது தவறு. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று நம்மவர் கூறுவதை இங்கும் நினைவு கூரலாம். பழைய சோற்று நீரில் உப்பிட்டுக் குடிக்கும் நம் வழக்கம், வேர்வையில் இழந்த நீரையும் உப்பையும் ஒருங்கே மீட்டுத் தருவதாகும்.

வேலை நேரமும் இதற்குத் துணை நின்றது. விடியுமுன் எழுந்து, விளக்கொளியில் மரம் வெட்டச் சென்றனர். வெயில் ஏறினால் இலைகள் வழியே மரம் நீரை இழக்கும், உள்ளழுத்தம் குறையும், பால் குறைவாகவே மங்கில் வடியும். மரத்துக்கு உகந்த நேரம் மனிதருக்கும் உகந்ததாயிற்று. 'மங்கு' என்ற சொல்லே 'மங்கோக்' என்னும் மலாய்ச் சொல்லிலிருந்து நம் பேச்சில் கலந்ததுதான். மலாய்ச் சிற்றூரைக் 'கம்பம்' என்றழைக்கவும் நம்மவர் கற்றனர். இவ்வாறு நேரத்தையும் பேச்சையும் மாற்றிக்கொண்டது முதற் பாடம்.

மாற்றாது காத்த புழுங்கலரிசி

இனி மாற்றாமல் காத்த ஒன்றைக் காண்போம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டில் 'பெரிபெரி' என்னும் நோய் பலரை மாய்த்தது. கால் மரத்துப் போகும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் நின்றுவிடும். நன்கு தீட்டிய வெள்ளையரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடையே இந்நோய் மிகுந்து காணப்பட்டது. புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அரிதாகவே காணப்பட்டது.

இதன் காரணத்தை ஆராய, வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் 1905ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றப் பிரிவினர்க்குப் புழுங்கலரிசியும் அளித்தார். பச்சரிசி உண்டவர்களையே பெரிபெரி பற்றியது. நெல்லை அவிக்கும்பொழுது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே புகுந்துவிடுகிறது என்றும், ஆதலால் தீட்டினாலும் அது முற்றும் நீங்குவதில்லை என்றும் பின்னாளில் அறிவியல் விளக்கிற்று. நம் பாட்டிமார் அறிவியல் நூல் கற்றாரல்லர். ஆயினும், வந்த நாட்டில் வேறு அரிசி கிடைத்தபோதும் அவர்கள் விடாது போற்றிய வழக்கம் உயிர் காத்தது. நல்ல வழக்கத்தை நாணிக் கைவிடலாகாது என்பது இரண்டாவது பாடம்.

பழக இயலாத பகை

மூன்றாவது பாடம் துயர் நிறைந்தது. காடு திருத்திப் புதிதாக அமைத்த தோட்டங்களில் குளிர்காய்ச்சலாகிய மலேரியா நம்மவரைக் கூட்டங் கூட்டமாகக் கொன்றது. பெயர் தெரியாத புதைமேடுகள் எத்தனையோ! பொறுமையும் உழைப்பும் அந்நோயை வெல்லவில்லை. "புதிதாக வந்தவர்கள், போகப் போகப் பழகிவிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் மேலும் பலர் மாண்டிருப்பர்.

மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் இருப்பதை ரொனால்டு ராஸ் 1897ஆம் ஆண்டில் இந்தியாவிலுள்ள செகந்திராபாத்தில் ஆராய்ந்து கண்டார். 1901ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டச் செய்து, காட்டை அழிக்கச் செய்தார். காய்ச்சல் பெரிதும் குறைந்தது. ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை அழித்தபோது காய்ச்சல் பெருகிற்று! காரணம் என்ன? கரையோரச் சதுப்பில் வாழும் கொசு நிழலை விரும்புவது. மலையோடைக் கொசுவோ வெயில் படும் தெளிநீரை விரும்புவது. எனவே மலைப்பகுதிகளில் ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே செலுத்தியும், நீர்மேல் எண்ணெய் தெளித்தும் கொசுவை ஒழிக்க வேண்டியதாயிற்று. அந்த வடிகால்களை வெட்டிய கைகளுள் நம்மவர் கைகளும் உண்டு. மனிதனைக் கொல்லும் நிலைமைக்கு மனிதன் பழக வேண்டுவதில்லை. அந்நிலைமையையே மாற்ற வேண்டும் என்பதே மூன்றாவது பாடம்.

இன்று வருவோர்

நம்முள் பலர் இன்று தோட்டத்தை விட்டுப் பட்டணம் சேர்ந்துவிட்டோம். ரப்பர் நின்ற நிலம் பலவற்றில் செம்பனை நிற்கின்றது. நம் பாட்டன்மார் இருந்த லயன்களில் இன்று இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் தங்கியுள்ளனர். அவர்களும் தாயின் கையிலிருந்து திருநீறோ வாழ்த்தோ பெற்று வந்தவர்களே. அவர்களைக் கண்டு ஒதுங்குவதும் ஏளனம் செய்வதும் நம் பாட்டனையே ஏளனம் செய்வதற்கு ஒப்பாகும்.

தோட்டத்தில் பணிபுரியும் பெற்றோர்களே! புதிதாக வந்தவருக்கு முதல் வாரத்தில் இலகுவான வேலை கிடைக்கச் சொல்லி உதவுங்கள். தாகம் எடுக்குமுன்னரே சிறுகச் சிறுக நீர் அருந்தச் சொல்லுங்கள். வெயிலில் உழைப்பவர் தடுமாறிப் பேசினால், அல்லது மயங்கி விழுந்தால், அதைச் சோம்பல் என்றோ குடிமயக்கம் என்றோ எண்ணிவிடாதீர்கள். உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடலெங்கும் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறி, மருத்துவ உதவியை அழையுங்கள். நினைவு மங்கியவர் வாயில் நீரூற்றாதீர்கள். சில மணித்துளிகளில் ஓர் உயிர் போகவும் கூடும், காக்கப்படவும் கூடும்.

மாணவர்களே! நீங்களும் வாளாவிருக்க வேண்டா. வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். டிங்கிக் கொசு தெளிந்த தேங்குநீரிலேயே முட்டையிடுகின்றது. வகுப்பிற்குப் புதிதாக ஒரு மாணவர் வந்தால் அவரருகில் அமருங்கள். வந்த நாட்டில் முதலில் வேண்டப்படுவது நிழல், அடுத்தது நீர், இவ்விரண்டையும் இனிமையாக்குவது ஓர் அன்புச் சொல்.

பயிற்சி

1. உங்கள் குடும்பத்தில் இந்நாட்டிற்கு முதலில் வந்தவர் யார்? எந்த ஊரிலிருந்து வந்தார்? தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுக.

2. அவர் மாற்றிக்கொண்ட வழக்கம் ஒன்றையும், மாற்றாது காத்த வழக்கம் ஒன்றையும் கூறுக.

3. உங்கள் வட்டாரத்தில், பழகிக்கொள்ளாமல் மாற்றியே ஆக வேண்டிய நிலைமை ஏதேனும் உண்டா? சிந்தித்து எழுதுக.