சாரல் ஊரில் தடித்த தகட்டை வளைக்கும் முறை

ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கி, ஆவணி முடியும்வரை குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரலைத் தூவிக்கொண்டே இருப்பதனால், இப்பிரதேசத்தில் தாழ்வாரத்துக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நாட்டிய மரத்தூண்கள் பெரும்பாலும் அடியிலேயே உளுத்துப் போகின்றன. தலைப்பகுதி கூரையின் மறைவில் உலர்ந்திருக்க, பாதம் மட்டும் மாதக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறது. தூணைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்தி, இரு பக்கமும் ‘ட’ வடிவான இரும்புத் தாங்கிகளைக் கொடுத்து, அவற்றின் பாதத்தைக் கான்கிரீட்டில் முடுக்கிவிட்டால் இந்தத் துன்பம் தீரும். அதற்கு வேண்டிய 10 மி.மீ. தடிமனுள்ள தகட்டை வீட்டுப் பட்டறையிலேயே வளைத்துக்கொள்ளும் முறையை, நாலங்குலச் சதுரத் தூணுக்குரிய தாங்கி ஒன்றை உதாரணமாக வைத்து விவரிக்கிறேன்.

தகடு வளையும்போது அதன் உள்ளே நிகழ்வதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வேலையின் மற்ற நியமங்கள் யாவும் அதிலிருந்தே பிறக்கின்றன. 10 மி.மீ. தகட்டை உள்வளைவின் ஆரம் 15 மி.மீ. இருக்கும்படி 90 பாகை வளைத்தால், ஏறக்குறைய 30 மி.மீ. நீளமாக இருந்த இடம் வெளிமுகத்தில் 39 மி.மீ. ஆக இழுபடுகிறது, உள்முகத்தில் 24 மி.மீ. ஆக ஒடுங்குகிறது. ஆரத்தைக் குறைக்கக் குறைக்க வெளிமுகத்தின் இழுப்பு கூடி, உலோகம் பொறுக்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிடும். மூலை கூர்மையாக இருந்தால் பார்வைக்கு அழகென்று எண்ணிச் சிறிய ஆரத்துக்கு ஆசைப்படுவதே இத்தொழிலில் வெடிப்புகளுக்கெல்லாம் மூலகாரணம் என்பது என் திடமான அபிப்பிராயம். தடிமனைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாத ஆரத்தைக் கொடுத்தால் சாதாரண மைல்ட் ஸ்டீல் அடங்கி வளைந்து கொடுக்கும்.

ஆகவே, தகடு வாங்கும்போதே அது இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 2062-இன் ஈ 250 ரகந்தானா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் விசை வரை நிலைகுலையாமல் தாங்கி, அதற்குமேல் மெல்ல இழுபடும் சுபாவமுள்ளது அது. பழைய லாரிப் பட்டைகளும் இன்னதென்று தெரியாத காயலான் கடைத் துண்டுகளும் மலிவாகக் கிடைத்தாலும் இந்தக் காரியத்துக்கு உதவா. அவற்றில் கார்பன் மிகுந்திருந்தால் வளையாமல் ஒடியும். ஆலையில் தகடு எந்தத் திசையில் உருட்டப்பட்டதோ அந்தத் திசைக்குக் குறுக்காக வளைவுக்கோடு விழும்படி துண்டை வெட்டச் சொல்லுங்கள். உருட்டிய திசைக்கு இணையாக மடித்த துண்டே விரைவில் கீறுவிடும்.

இனி அளவு. தாங்கியின் நிற்கும் பகுதி வெளிப்புறமாக 200 மி.மீ., பாதம் 100 மி.மீ., அகலம் 100 மி.மீ. என்று கொள்வோம். 200-ஐயும் 100-ஐயும் கூட்டி 300 மி.மீ. என்று வெட்டிவிடலாகாது. ஒவ்வொரு பகுதியிலும் ஆரமும் தடிமனும் சேர்ந்த 25 மி.மீ.யைக் கழித்தால் நேர்ப்பகுதிகள் 175-உம் 75-உம் ஆகின்றன. அவற்றோடு வளைவில் செலவாகும் 30 மி.மீ.யைச் சேர்த்தால் வெட்டவேண்டிய நீளம் 280 மி.மீ. ஆகிறது. வளைவின் நடுக்கோடு பாதத்து முனையிலிருந்து 90 மி.மீ. தூரத்தில் அமையும். அந்தக் கோட்டை உள்முகத்தில் சுண்ணாம்புக் கட்டியால் போடுங்கள். வெளிமுகத்தில் உளிக்குறியோ ஆழ்ந்த கீறலோ இருந்தால் இழுப்பு முழுவதும் அங்கே கூடி வெடிப்புக்கு வழிசெய்துவிடும். போல்ட்டுத் துளைகளைத் தகடு தட்டையாக இருக்கும்போதே போட்டுவிடலாம்; ஆனால் வளைவு தொடங்கும் இடத்திலிருந்து 25 மி.மீ.க்குள் ஒரு துளையும் வரக்கூடாது, வந்தால் வட்டம் கோணிப்போகும்.

கியாஸால் வெட்டிய ஓரம் உஷ்ணத்தால் கெட்டிப்பட்டிருக்கும். இதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். வளைவு விழும் இடத்தில் இரு ஓரங்களையும் கிரைண்டரால் தேய்த்து, கறுத்த படலம் நீங்கி வெள்ளை உலோகம் தெரியும்படி செய்து, வெளிமுகத்து விளிம்பை அரத்தால் மழுக்கிவிடுங்கள். இதற்குச் செலவாகும் கால்மணி நேரம் தகட்டுக்கு ஆயுள் கொடுக்கிறது.

வளைப்பதற்கு 20 டன் ஜாக்கி ஒன்றும், அதைத் தாங்கும் கூடும் வேண்டும். 150 மி.மீ. சானலை இரட்டையாக வைத்து, இரு நிலைக்கால்கள், மேலொரு விட்டம், கீழொரு விட்டம் என்று கூட்டை அமைத்து, இடையே ஏறி இறங்கும் குறுக்குக்கட்டை ஒன்றை ஸ்பிரிங்கில் தொங்கவிடுங்கள். ஜாக்கி அந்தக் கட்டையின்மேல் நிமிர்ந்து நின்று மேல்விட்டத்தை உந்தும். கட்டை கீழே இறங்கும். கட்டையின் அடியில் 30 மி.மீ. விட்டமுள்ள உருண்டைக் கம்பியைப் பற்றவைத்தால் அதுவே 15 மி.மீ. ஆரத்தைக் கொடுக்கும் அழுத்துமுனை. கீழ்விட்டத்தின்மேல் அதே பருமனுள்ள இரண்டு கம்பிகளை, மையத்துக்கு மையம் 100 மி.மீ. விட்டு, தகட்டின் முதுகு இறங்க அடியில் 60 மி.மீ. இடமிருக்கும்படி உயரமான முட்டுகளில் பொருத்துங்கள். 100 மி.மீ. அகலத் தகட்டுக்கு 6 முதல் 8 டன் வரை விசை போதும். கூட்டின் இணைப்புகளை மட்டும் தேர்ந்த வெல்டரைக் கொண்டு பற்றவைப்பதே உசிதம்; பல டன் விசையில் ஒரு பற்று விட்டுப்போனால் தெறிக்கும் இரும்பு உயிருக்கே அபாயம். கண்ணாடி அணிந்து, கூட்டின் நேர்முன்னே நில்லாமல் பக்கவாட்டில் நின்று ஜாக்கியை ஓட்டுங்கள்.

நடுக்கோட்டை அழுத்துமுனைக்கு நேராக வைத்து, மெல்ல மெல்ல அழுத்தி, சிறிது வளைந்ததும் நிறுத்தி, கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்து, பிறகு தொடருங்கள். அழுத்தம் நீங்கியதும் உருக்கு ஓரிரு பாகை பின்வாங்கும். ஆதலால் 88 பாகை வரை மடக்கிவிட்டு ஜாக்கியைத் தளர்த்தி, தளர்ந்த நிலையில் மூலைமட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். குறைந்தால் இன்னும் சிறிது அழுத்தலாம். மிகுதியாக மடங்கியதைத் திரும்ப விரிப்பது உலோகத்தைக் களைப்பிக்கும் வேலை.

கூடு இல்லாதவர்களுக்கு உலைக்களமே கதி. குற்றாலத்துச் சிற்றாறு சென்று கலக்கும் தாமிரபரணியின் கரையில், ஆதிச்சநல்லூர் மண்ணுக்கடியிலிருந்தே இரும்புக் கருவிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. இந்நதிப் பிரதேசத்துக்கு உலைத்தீ அவ்வளவு பழையது. சிரட்டைக்கரியில் துருத்தி ஊதி, வளைவுக்கோட்டுக்கு இருபுறமும் 30 மி.மீ. அகலம் ஒரே சீராகப் பழுக்கும்படி காய்ச்சுங்கள். ஏறக்குறைய 770 பாகை சென்டிகிரேடில் காந்தம் ஒட்டாது. அதற்குமேலும் காய்ந்து செம்மஞ்சள் நிறம் கொள்ளும்போது, சுமார் 900 பாகையில், வளைக்கத் தொடங்கி, மங்கிய சிவப்பாகுமுன் நிறுத்திவிட வேண்டும். நீலம் பாயும் 300 பாகையளவில் மட்டும் ஒருபோதும் அடிக்கலாகாது. அந்தச் சூட்டில் உருக்கு பச்சையாக இருப்பதைவிட எளிதில் முறியும். வளைத்த துண்டைத் தண்ணீரில் தோய்க்காமல் உலர்ந்த சாம்பலில் ஆறவிடுங்கள். ஆடிக்காற்றில் திறந்த வெளியில் உலை வைத்தால் தகட்டின் ஒரு பக்கம் பழுக்க மறுபக்கம் ஆறிக்கொண்டிருக்கும்; சாரல் துளி வேறு விழும். மூன்று புறமும் சுவர் உள்ள இடமே வேண்டும். துத்தநாக முலாம் பூசிய தகட்டை உலையில் இடக்கூடாது. அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

வேண்டிய விசை தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப, அதாவது தடிமன் இரட்டித்தால் நான்கு மடங்காக, உயர்கிறது. ஆதலால் 16 மி.மீ.க்கு மேற்பட்ட தகட்டைப் பெரிய பிரஸ் உள்ள தொழிற்கூடத்துக்கே அனுப்புவது நலம்.

வளைத்து முடித்தபின் வெளிமுகத்தைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழைக் கீறல் தென்பட்டாலும் அந்தத் தாங்கியைத் தூணுக்குக் கொடுக்காதீர்கள். குறையில்லையெனில், வெயில் உள்ள ஒரு நாளில் ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சும், அது காய்ந்தபின் எண்ணெய் வர்ணம் இரண்டு பூச்சும் கொடுத்து, துளைகளின் உட்புறத்திலும் வர்ணம் சென்றிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, சாரல் தொடங்குமுன் வைகாசியிலேயே பொருத்திவிடுங்கள்.